கடல் கடந்த கட்டுமரம்

1795ஆம் ஆண்டில் திருகோணமலைத் துறைமுகத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957 வரை அதனைத் தம் கடற்படைத் தளமாகக் கொண்டிருந்தனர். அவர்தம் போர்க்கப்பல்கள் தங்கிய அக்கரையோரத்திலே, மீனவர் மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கடலேறினர். அம்மரக்கலத்தின் பெயரோ, ஆங்கிலேயர் இத்துறையைக் கைக்கொள்ளுமுன்பே அவர்தம் மொழியிற் புகுந்துவிட்டது.

வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி, சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை 1697இல் வெளிவந்த தம் பயண நூலிற் குறித்தார். ‘கட்டமரான்’ எனத் திரிந்த அச்சொல், 1804இல் பூலோன் துறையிற் பிரெஞ்சுக் கலங்கள்மீது ஏவப்பட்ட வெடிகலத்துக்கும் பெயராயிற்று. பின்னர் சண்டைக்காரப் பெண்ணையும் குறித்தது. இறுதியில், இரண்டு உடல்களை இணைத்த படகுக்கே உரியதாய் நிலைத்தது.

இன்று அத்தகைய படகைக் காணும் நம் மாணவர், அதன் பெயரை முழு ஆங்கிலச் சொல்லென்றே எண்ணக்கூடும். ‘இரட்டை’ என்னும் பொருள் மூலச்சொல்லில் இல்லை. ‘கட்டு’ என்பதே அதன் உயிர். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தி, மறுமுறை கடலேறுமுன் மீண்டும் பிணைத்தலே மீனவர் வழக்கம். கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்ட இந்நாளில், அந்தத் தொழிலறிவைச் சுமந்து நிற்பது அச்சொல்லே. ஆதலின், அதன் பிறப்பை இளையோர்க்கு உரைத்தல் நம் கடனாகும்.