விடைக்காகக் காத்திருப்பவர் யார்?



லடாக்கில் மழை மிகக் குறைவு. பனி உருகி ஓடைக்கு வந்தால்தான் பாசனம். ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்கு நீர் வேண்டும்; அப்போது ஓடை மெலிந்து கிடக்கும். லே நகருக்கு அருகே, பத்தாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளுக்கென்று 'செக்மோல்' அமைப்பு ஒரு பள்ளி நடத்துகிறது. 2013-14 குளிர்காலத்தில் அந்த மாணவர்கள், பொறியாளர் சோனம் வாங்சுக்கோடு சேர்ந்து இந்தத் தண்ணீர்ப் பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள்.

குளிர்கால நீரைப் பனியாகச் சேமித்து விதைப்புக்கு உருகவிடலாம் என்று, மேட்டு நிலத்திலிருந்து குழாயில் நீரை இறக்கினார்கள். மோட்டார் இல்லை, உயர வேறுபாடே அழுத்தம் தந்தது. நிமிர்த்தி நட்ட குழாயின் நுனியில் பீய்ச்சிய நீர், இரவுக் குளிரில் விழுந்தபடியே உறைந்து கூம்பாக வளர்ந்தது. ஏன் கூம்பு? அதே பனியைத் தரையில் பரப்பினால் வெயில் படும் பரப்பு அதிகம், சீக்கிரம் உருகிவிடும். உயர்த்திக் குவித்தால் நின்று உருகும். நம் பத்தாம் வகுப்பு அளவியல் பாடம்தான் இது! சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர் நீர் தாங்கிய அந்த முதல் பனிக்கூம்பு மே நடுப்பகுதி வரை நின்றது.

திட்டம் பெரிதானபோது, மேலே நீரைத் தேக்கினால் கீழே இருப்பவனுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியும் எழுந்தது. தலைமடை, கடைமடை வழக்கை அறிந்த நமக்கு அது புதிதல்ல. அந்தக் கேள்வியும் பாடத்தின் பகுதி என்பேன். அதற்கு விடைக்குறிப்பு கிடையாது, ஊராரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.

லடாக் மாணவர்கள் தேடியது ஊருக்குத் தேவையான விடை. நம் பள்ளிகளில் செயல்திட்டம் என்றால் என்ன நடக்கிறது? கடையில் படம் வாங்கி, சார்ட்டில் அம்மா ஒட்டித் தருகிறார். வளரறி மதிப்பீட்டில் மதிப்பெண் ஏறியதும் சார்ட் பீரோவுக்கு மேலே போகிறது. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். அந்த விடைக்காக யாருமே காத்திருக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, இன்று பி.எட். பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் செயல்திட்டத்தைத் தருமுன், இது யாருக்குத் தேவை என்று வகுப்பையே கேளுங்கள். பள்ளிக் குடிநீர்த் தொட்டியில் தொடங்கலாம்: கடைசியாக எப்போது கழுவினார்கள், குளோரின் எவ்வளவு, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பிள்ளைகளே பார்த்து எழுதட்டும். கண்டதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்களே எழுந்து படிக்கட்டும். பாடவேளை போதாது என்பீர்கள், உண்மைதான். இரண்டு சார்ட்டுகளை விட்டுவிட்டு அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். தலைமையாசிரியர் தயங்கினால், பிள்ளைகளின் குறிப்பேட்டை அவர் மேசையில் வையுங்கள்.