பிறேக் இல்லாத வண்டியும் பொறுமையுள்ள மனிதரும்



வாழ்க்கை வரலாறுகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அரசியற் தலைவர்களையும் அறிஞர்களையும் கலைஞர்களையுமே நினைத்துக்கொள்கிறோம். ஒரு விளையாட்டு வீரனின் வரலாறு இலக்கிய அரங்குக்கு உரியதல்ல என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஒருவரின் வரலாறுதான். நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் 1939 ஆம் ஆண்டு பிறந்த ஐவன் மேஜர் என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் அவர். மேஜர் என்பது இராணுவப் பதவியன்று. அவருடைய குடும்பப் பெயரின் உச்சரிப்பு அப்படி.

அவர் ஓடிய பந்தயத்துக்கு ஸ்பீட்வே என்று பெயர். அவுஸ்திரேலியாவில் 1920 களில் வளர்ந்து, 1928 இல் இங்கிலாந்துக்குப் பரவிய விளையாட்டு இது. நமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிளை மனதில் வைத்துக்கொண்டு இதனை விளங்கிக்கொள்ள முடியாது. 500 சி.சி. வலுவுள்ள அந்த வண்டிக்குப் பிறேக் கிடையாது. கியரும் ஒன்றே ஒன்றுதான். பெற்றோலுக்குப் பதிலாக மெதனோலில் ஓடும். முட்டை வடிவமான, தளர்ந்த மண் பரப்பிய பாதையில் நான்கு பேர் நான்கு சுற்று ஓடுவார்கள். திருப்பங்கள் எல்லாமே இடப்பக்கம்தான். திருப்பத்தில் பின்சில்லு வெளிப்புறம் சறுக்கிப் போகும். ஓட்டுநர் இரும்பு அடி பொருத்திய இடது காலை மண்ணில் உராயவிட்டு, அந்தச் சறுக்கலையே தனக்கு வசமாக்கிக்கொண்டு திரும்புவார். எல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பார்ப்பவர்களுக்கு இது துணிச்சலின் விளையாட்டாகத் தோன்றும். ஐவன் மேஜரின் வாழ்க்கையைப் படிக்கும்போதுதான் இது எவ்வளவு தூரம் பொறுமையின் விளையாட்டு என்பது புரிகிறது.

1957 இல், 17 வயதிலே, இளம் மனைவி ரேயுடன் அவர் இங்கிலாந்து சென்றார். லண்டனில் விம்பிள்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே கிறைஸ்ட்சேர்ச் நகரத்தவர்களான ரொனி மூர், பரி பிறிக்ஸ் ஆகிய இருவரும் அப்போது அந்த அணியின் நட்சத்திரங்கள். மூர் 1954 இல் உலகச் சம்பியனானவர். பிறிக்ஸ் 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றவர். அத்தகைய அணியிலே ஒரு பொடியனுக்கு எங்கே இடம் கிடைக்கும்? சில பந்தயங்களே அவருக்குக் கிடைத்தன. அவற்றிலும் பெயர் சொல்லும்படி எதுவும் செய்ய முடியவில்லை. வெறுங்கையோடு நாடு திரும்பினார்.

நேயர்களே, நம்மவர் பலருடைய கதை இந்த இடத்திலே முடிந்துவிடும். கடல் கடந்து போய்த் தோற்று வந்தவன் ஊரவர் முகத்திலே விழிக்கக் கூசுவான். பிறகு வேறு தொழில் பார்க்கத் தொடங்குவான். மேஜரோ நியூஸிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஓடித் தம்மைத் தேற்றிக்கொண்டார். 1963 இல் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் மீண்டும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இம்முறை அவர் நாடியது பெரிய அணியை அன்று. இரண்டாந்தர வரிசையான மாகாண லீக்கில் நியூகாசில் அணியிற் சேர்ந்தார். கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதற்கு அவர் வெட்கப்படவில்லை.

அக்காலத்து உலகச் சம்பியன் போட்டி ஒரே இரவில் அல்லது ஒரே பகலில் முடிந்துவிடும். 16 பேர் 20 பந்தயங்களில் மோதுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டங்கள். மற்றப் பதினைந்து பேரையும் ஒவ்வொரு தடவை சந்தித்தாக வேண்டும். முதலிடத்துக்கு மூன்று, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாமிடத்துக்கு ஒன்று என்று புள்ளிகள். ஒரு வருட உழைப்பு முழுவதும் ஐந்தே ஐந்து நிமிடங்களில் தீர்மானமாகும். முந்திப் புறப்பட்டு முதல் திருப்பத்தைப் பிடித்தவனுக்குப் பாதை துலக்கமாகத் தெரியும். பின்னால் வருபவனின் முகத்திலே மண் வாரி இறைக்கும். ஆகவே கயிறு மேலெழும் அந்தக் கணத்துக்கே மேஜர் தம்மை ஆயத்தம் செய்தார். வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் கவனித்து வைப்பதில் அவருக்கு நிகரில்லை என்று பெயரெடுத்தார்.

1968 இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் 15 க்கு 15 புள்ளி பெற்று உலகச் சம்பியனானார். முதற் பயணம் தோல்வியில் முடிந்து பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. 1969 இல் வெம்பிளியிலும் 1970 இல் போலந்தின் விறொஸ்லாவிலும் மீண்டும் வென்றார். தொடர்ந்து மூன்று முறை வென்றவர் அதற்கு முன் எவரும் இல்லை. அமெரிக்க இரசிகர் இருவர் அவருடைய வண்டிக்குத் தங்க முலாம் பூசிக் கொடுத்தார்கள்.

ஆனால் இந்த வரலாற்றில் என் மனதைத் தொட்டவை தங்க முலாம் பூசிய பகுதிகள் அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த ஒலே ஒல்சன் என்ற இளைஞருக்கு மேஜர் பயிற்சி அளித்து, 1967 இல் நியூகாசிலுக்குக் கூட்டிவந்தார். 1971 இல் உலகப் பட்டத்தை வென்றவர் அதே ஒல்சன், குருவுக்கு இரண்டாமிடம். அடுத்த ஆண்டு வெம்பிளியில் குரு பட்டத்தை மீட்டார்.

1973 இல் போலந்தின் ஹோர்சோவ் அரங்கிலே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடியிருந்தனர். மேஜரும் போலந்து வீரர் யெஜி ஷ்சாக்கியெலும் 13 புள்ளிகள் வீதம் சமமாக நின்றார்கள். ஷ்சாக்கியெல் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த இறுதிப் போட்டியில் ஒரு புள்ளிகூடப் பெறாதவர். இருவருக்குமிடையே தீர்வுப் பந்தயம் நடந்தது. முந்த முயன்ற மேஜர் விழுந்தார். அனுபவசாலி மண்ணிலே கிடக்க, புதியவர் சம்பியனானார். 1974 இலும் மேஜருக்கு இரண்டாமிடமே கிடைத்தது. வயதும் ஏறிக்கொண்டிருந்தது.

1977 இல் ஐந்தாவது பட்டம் வந்தது. 1979 இல் இறுதிப் போட்டி மீண்டும் அதே ஹோர்சோவ் அரங்குக்கு வந்தது. மேஜருக்கு நாற்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. போலந்தின் செனொன் பிளெக் 13 புள்ளி பெற்றார்; மேஜர் 14. ஆறு ஆண்டுகளுக்கு முன் விழுந்த அதே மண்ணில் ஆறாவது பட்டத்தைப் பெற்றார். சுவீடனின் டொனி றிக்கார்ட்சன் 2005 இல் தமது ஆறாவது பட்டத்தை வென்று அவரோடு சமமாகும் வரை அந்தச் சாதனை தனித்தே நின்றது. றிக்கார்ட்சனின் பட்டங்களில் ஐந்து, பல போட்டிகளின் புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிடும் பின்னைய முறையில் வந்தவை.

2010 இல் மேஜர் தமது சுயசரிதையை வெளியிட்டார். வெல்லும் மனவுறுதி என்பது அதன் தலைப்பின் பொருள். 2018 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவில், 78 வயதில் அவர் காலமானார்.

வென்ற ஆண்டுகளின் பட்டியலை எந்தப் பதிவேடும் தந்துவிடும். ஒரு மனிதன் தோற்றுத் திரும்பி வந்த பின், எவரும் கவனியாத அந்த ஐந்து ஆண்டுகளில் என்ன செய்தான் என்பதை வாழ்க்கை வரலாறுதான் சொல்ல வேண்டும். விளையாட்டு வீரனின் வரலாறும் இலக்கியமாவது அங்கேதான். பரீட்சையிலோ தொழிலிலோ ஒரு முறை சறுக்கிவிட்டு வீட்டுக்குள் முடங்கியிருக்கும் இளைஞர்கள் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், 1963 இல் மூன்று பிள்ளைகளோடு இரண்டாந்தர அணியைத் தேடிக் கப்பலேறிய அந்த மனிதரைச் சற்று நினைத்துப் பார்க்கும்படி கேட்டு விடைபெறுகிறேன்.