விற்கப்போற வீட்டுக்கு முதல் செலவு எது?

(வீடு விற்கத் திட்டமிடுவோருக்காகக் கட்டடப் பொறியாளர் ஒருவர் அந்தியூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி மாசம் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடுற மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தையை நாம எல்லோரும் பார்த்திருக்கோம். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் அடிச்சுத்தான் ஓட்டிட்டு வருவாங்க. வாங்க வர்றவரு வர்ணத்தைப் பார்த்துக் கிட்ட வருவாரு. வந்ததும் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாரு, நடக்கவிட்டுப் பார்ப்பாரு, சுழி பார்ப்பாரு. அப்புறம்தான் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க.

வீடும் அப்படித்தானுங்க. பெயின்ட் ஆளைக் கூப்பிடும். ஆனா விலையை முடிவு பண்றது ஓதம், விரிசல், தண்ணி, பத்திரம் இந்த நாலும்தான்.

நம்ம ஊர்ல யாரும் பொழுதுபோகாம வீட்டை விக்கிறதில்லை. பொண்ணு கல்யாணம், பையன் படிப்பு, வைத்தியச் செலவு, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறது, இப்படி ஏதோ ஒரு நெருக்கடி இருக்கும். அந்த அவசரம் எதிராளிக்குத் தெரிஞ்சா லட்சக்கணக்குல விலை இறங்கும். அதனால விக்கணும்னு முடிவு பண்ணினா, ஆளைத் தேடறதுக்கு மூணு மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிச்சிருங்க.

வாங்குறவர் கையில எவ்வளவு மிஞ்சும்?

வாங்குறவர் பக்கமும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சம் மதிப்புக்குப் பதிவு பண்ணினா இதுக்கே 2,70,000 ரூபாய் போயிரும். (2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல பதிவு பண்ணினா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் சலுகை உண்டு.) இதுக்கு மேல பேங்க் செலவு, வீடு மாறுற செலவு. சாவி கைக்கு வர்றப்ப அவர் கை காலியா இருக்கும். அதனால "வந்ததும் குடியேறலாம்"ங்கிற வீட்டுக்குத்தான் நல்ல விலை கொடுப்பார். 20,000 ரூபாய் ரிப்பேரைப் பார்த்தா அவர் மனசுக்குள்ள ஒரு லட்சம்னு கணக்குப் போட்டு அதைக் குறைச்சுக் கேப்பார். நாம பண்ற சின்னச் செலவு பெரிய லாபமா மாறுற இடம் இதுதான்.

முதல் செலவு: மொட்டை மாடி

பெயின்டரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி மாடிக்கு ஏறிப் பாருங்க. குப்பையைக் கூட்டி, மழைத்தண்ணி போற துவாரத்தை எல்லாம் சுத்தம் பண்ணுங்க. கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு முளைச்சிருந்தா மேலோட கிள்ளி விட்டாப் பத்தாது, வேரோட எடுத்துப் பூசணும். தட்டோடு பதிச்ச மாடின்னா இணைப்புல விரிசலை அடைக்கணும். ஓட்டு வீடுன்னா உடைஞ்ச ஓட்டை மட்டும் மாத்தினாப் போதும்.

குளியலறைக்குப் பின்பக்கச் சுவர்ல ஓதம் இருந்தா, டைல்ஸ் இணைப்புலயோ குழாயிலயோ கசிவு இருக்கும். அதை நிறுத்தி, சுவர் காய்ஞ்ச பிறகுதான் பெயின்ட். ஈரச் சுவர் மேல அடிச்ச பெயின்ட் கொப்பளிச்சு உரியும். "எதையோ மறைச்சிருக்காங்க"ன்னு வாங்க வர்றவருக்குத் தோணிருச்சுன்னா, நல்லா இருக்கிற மத்த இடத்தையும் நம்ப மாட்டார்.

மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீட்டுல குழாய் இருக்கும், குழி மண்ணு மூடிக் கிடக்கும். ஒரு நாள் கூலியில அதைத் தோண்டிச் சுத்தம் பண்ணிக் காட்டுங்க. தண்ணிக்குக் கஷ்டப்பட்டவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

விரிசலை மறைக்காதீங்க

எல்லா விரிசலும் ஆபத்தில்லைங்க. பூச்சுல இழை மாதிரி ஓடறது சாதாரணம், பட்டி வச்சா மறைஞ்சிரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா ஓடறது, விரல் நுனி நுழையற அளவு இருக்கறது, கதவு இறுகிப் போறது, இதெல்லாம் அஸ்திவாரம் சம்பந்தப்பட்டதா இருக்கலாம். விரிசலோட ரெண்டு முனையிலும் பென்சிலால தேதி போட்டு வச்சு, நீளுதான்னு கவனிங்க. நீண்டா பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ல இருக்கு. தனக்குத் தெரிஞ்ச, வாங்குறவர் சாதாரணமாப் பார்த்தாக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விக்கிறவர் சொல்லியே ஆகணும். இந்தக் குறை கட்டடத்துல இருந்தாலும் சரி, உரிமையில இருந்தாலும் சரி. சொல்லி வித்தா விலை கொஞ்சம் குறையலாம். மறைச்சு வித்தா வழக்கு வீடு தேடி வரும்.

அடுத்த செலவு: கண்ணுக்குத் தெரியறது

வீடு பார்க்க வர்றவங்க முதல்ல கேட்டைத் திறக்கிறாங்க. அது கிறீச்சுன்னு சத்தம் போடாம இருக்கணும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, ஒரு கோட் எனாமல் அடிங்க. வாசலைச் சுத்தம் பண்ணிக் கோலம் போடுங்க, அதுக்குக் காசு ஆகாது.

முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க முடியலைன்னா முன்பக்கம், ஆசாரம், சமையலறை இந்த மூணுக்கு மட்டும் வெளிர் நிறத்துல அடிங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமுக்கு, கதவு ஜன்னல் போக, சுவர் சுமார் 380 சதுர அடி வரும். ரெண்டு கோட்டுக்கு ஆறேழு லிட்டர் எமல்ஷன் போதும். கணக்குப் போட்டு வாங்கினா வீண் இல்லை. பின்பக்கச் சுவர், காம்பவுண்டுக்குச் சுண்ணாம்பே தாராளம்.

உப்புத் தண்ணியால குழாயும் டைல்ஸும் வெள்ளை பூத்திருக்கும். வினிகர் ஊத்தி ஊறவிட்டுத் தேய்ச்சா பெரும்பாலும் போயிரும். ஆசிட் போட்டா கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்க. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருக்காலும் கலக்காதீங்க, அதுல விஷவாயு வரும்.

உடைஞ்ச சுவிட்ச், ஒழுகுற குழாய், தாழ்ப்பாள் விழாத கதவு, இதெல்லாம் நூறு, இருநூறு ரூபாய் வேலை. எலக்ட்ரீஷியனை ஒருதரம் வரவழைச்சு எர்த், ஆர்சிசிபி சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

பண்ண வேண்டாதது எது? கிரானைட் தரை, புது மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங். போட்ட காசு விலையில திரும்பாது, வாங்குறவர் ரசனை வேற. வாஸ்துக்காகக் கதவை இடிச்சு மாத்தாதீங்க, வாங்குறவருக்குன்னு ஒரு வாஸ்துக்காரர் இருப்பார். பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையையும் தூணையும் இடிச்சுறாதீங்க, அதை விரும்பித் தேடி வர்றவங்க இருக்காங்க.

ஆக மொத்தச் செலவு, எதிர்பார்க்கிற விலையில நூத்துக்கு ஒண்ணு, ஒன்றரையைத் தாண்ட வேண்டாம்ங்கிறது என் கருத்து.

குறைஞ்ச செலவு, அதிக மதிப்பு: ஆவணம்

மேல சொன்ன எல்லாத்தையும் விட மலிவா வீட்டு மதிப்பைக் கூட்டறது இதுதானுங்க. வாங்குறவர் பேங்க் லோன் போட்டா, பேங்க் வக்கீல் பார்க்கிறது பெயின்டை இல்லை, பேப்பரை. உங்க கையில இருக்கிற ஃபோனிலேயே இதைச் சரிபாருங்க.

பட்டா: "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்துல பட்டா, சிட்டா, புலப்படம் பார்க்கலாம். பட்டா இன்னும் காலமான அப்பா பேர்ல இருந்தா, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மூலமா விண்ணப்பிச்சுப் பேர் மாற்றத்தை முடிங்க. கூட்டுப் பட்டான்னா உட்பிரிவுக்கு எழுதிக் கொடுங்க. சர்வேயர் வந்து அளக்கணும்ங்கிறதால இதை முதல் வாரத்துலயே ஆரம்பிங்க.

வில்லங்கம்: பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல பார்க்கலாம். கடன் கட்டி முடிச்சிருப்பீங்க, ஆனா ரசீது ஆவணம் பதிவு பண்ணாததால அடமானம் அப்படியே நிக்கும். பேங்க்ல பேசி அதைப் பதிவு பண்ணி முடிங்க. அதே தளத்துல வழிகாட்டி மதிப்பையும் பார்த்துக்கங்க.

வரி, கரண்ட்: சொத்து வரி, தண்ணி வரி, மின் இணைப்பு மூணும் உங்க பேர்ல, பாக்கி இல்லாம இருக்கணும்.

வரைபட அனுமதி: உள்ளாட்சி அனுமதி கொடுத்த நகல் வேணும். அனுமதி இல்லாம மாடியில ரூம் எடுத்திருந்தா உள்ளாட்சி அலுவலகத்துல முதல்லயே விசாரிங்க. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுன்னா, 2017 விதிகளின்படி வாங்கின வரன்முறை உத்தரவை எடுத்து வையுங்க.

மூலப்பத்திரம்: தாய்ப்பத்திரத்துலிருந்து வரிசையா ஒரு ஃபைல்ல போடுங்க. தொலைஞ்சிருந்தா போலீஸ்ல புகார் கொடுத்து, கண்டறிய இயலாச் சான்று வாங்கணும். நாளாகும், இப்பவே ஆரம்பிங்க.

பில்லும் பணமும்

வீட்டு லாபத்துக்கு வருமான வரி உண்டு. கூடுதல் ரூம், போர்வெல் மாதிரி மேம்பாட்டுக்கு ஆன செலவை லாபத்துல கழிக்கலாம், பில் இருந்தா. சாதாரண ரிப்பேரும் பெயின்டும் அதுல சேராது. சொத்துக்காக 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. அட்வான்ஸைக் கூட பேங்க் வழியா வாங்குங்க.

ஃபோன்ல படம் எடுத்துப் போடறவங்க காலை வெளிச்சத்துல, ஜன்னலைத் திறந்துவிட்டு எடுங்க. பத்திரத்தையும் ஆதாரையும் பொதுவுல போடாதீங்க. "அட்வான்ஸ் அனுப்பறேன், கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க"ன்னு யாராச்சும் சொன்னா, அவன் வீடு வாங்க வரலைன்னு அர்த்தம். பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையே இல்லை.

சுருக்கமாச் சொல்றேனுங்க. முதல் மாசம் ஆவணமும் மொட்டை மாடியும். ரெண்டாவது மாசம் கசிவை நிறுத்திச் சுவரைக் காய விடறது. மூணாவது மாசம் பெயின்ட், கேட், விளக்கு. அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க. ஃபைலை மேசை மேல வச்சுட்டுப் பேசுங்க. கையில எல்லாம் சரியா இருக்கிறவங்க, சொன்ன விலையில நின்னு பேசலாம். அந்தத் தைரியம்தான் உங்களுக்குக் கிடைக்கிற முதல் லாபம்.