பிள்ளை எங்கே இருக்கிறது?

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன். கூட்டம் தொடங்குமுன் ஒரு அம்மா என்னிடம், "சேர், எம் மக டவுனுக்கு டியூசன் போகுது. அது எங்க நிக்குதுன்னு போன்லயே பாக்கலாமாமே, அத எனக்குப் போட்டுக் குடுங்க" என்று கேட்டார். அவருக்குச் சொல்லும் பதில் உங்கள் எல்லோருக்கும் உதவட்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். 1990இல் மீண்டும் யுத்தம் மூண்டபின் அங்கே மின்சாரமும் இல்லை, வீடுகளில் தொலைபேசியும் இல்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பும்வரை தாய் படலையில் நிற்பாள். படலை என்றால் எங்கள் ஊரில் வளவு வாசல். சைக்கிளில் வருபவர்களை மறித்து, "தம்பி, எங்கட பிள்ளையைக் கண்டனீங்களோ?" என்று கேட்பாள். அந்தக் காலத்து போன் அதுதான்.

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி நடந்ததை யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்புகையில் கைதடியில் இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். மகள் அங்கே நிற்கிறாள் என்ற செய்தி தாய்க்குக் கிடைத்தது. தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் தேடிப் போனார்கள். நால்வரும் திரும்பவில்லை. பின்னர் செம்மணியில் அவர்களுடைய உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது.

இந்தத் துயரத்தை உங்களைப் பயமுறுத்துவதற்காக நான் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். பிள்ளை எங்கே என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்தது மட்டும் காப்பாற்றவில்லை. கேட்டால் பதில் சொல்லும் அதிகாரம், துணைக்கு வரும் மனிதர், நடக்கும் சட்டம், இவை இல்லாத இடத்தில் இடம் தெரிந்து என்ன பயன்? இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய போனுக்கு வருவோம்.

போன் வானத்திலுள்ள செய்மதிகளின் சைகையைப் பிடித்துத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்த இடத்தை உங்களுக்கு அனுப்ப டேட்டா வேண்டும். வட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று இடத்தைக் காட்டலாம். இடையில் நிறுத்தவும் முடியும். நம்ம தோட்டத்துப் பள்ளத்தில் சிக்னல் இல்லாவிட்டால், சார்ஜ் தீர்ந்தால், படம் அப்படியே நின்றுவிடும். அதைப் பார்த்து அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்வாள். பிள்ளையோ பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று: போன் இருக்கும் இடத்தைத்தான் அது காட்டும், பிள்ளை இருக்கும் இடத்தை அல்ல. போனைக் கூட்டாளி வீட்டில் வைத்துவிட்டு எங்கேயும் போகலாம். பின்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இது முன்னமே தெரியும்!

பிள்ளைக்குத் தெரியாமல் ஏதாவது போட்டு வேவு பார்க்காதீர்கள். ஒருநாள் அது தெரியவரும். அன்றிலிருந்து பிள்ளை உண்மை பேசாது. அதோடு, முன்பின் தெரியாத ஆளிடம் போனைக் கொடுத்து இதைப் போடச் சொன்னால், உங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்பதை அவனும் பார்க்கக்கூடும். இது சின்ன ஆபத்து அல்ல.

அப்படியானால் என்ன செய்வது? பிள்ளையை உட்கார வைத்துப் பேசுங்கள். "ஒம்மேல சந்தேகம் இல்ல, வழியிலதான் பயம்" என்று சொல்லுங்கள். கொழும்புக்கு வேலைக்கோ, யாழ்ப்பாணத்துக்குப் படிக்கவோ போகும்போது, போய்ச் சேரும்வரை இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சேர்ந்தபின் நிறுத்திக்கொள்ளட்டும். உடன் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் வீட்டு நம்பரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இருட்டி வரும் பிள்ளைகளைக் கூட்டிவர லயத்திலுள்ள பெற்றோர் முறை வைத்து ரோட்டுக்குப் போகலாம். சிறுவருக்கு ஆபத்து என்றால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒன்று. தப்புச் செய்துவிட்டு, பயந்துபோய், ராத்திரியில் பிள்ளை போன் பண்ணினால் முதலில் ஏசாதீர்கள். "எங்க நிக்கிற? நான் வாறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஏச்சு மறுநாள் ஆகட்டும். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை அடுத்தமுறை உங்களுக்கு எடுக்காது. வேறு யாருக்கோ எடுக்கும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நேரம் பிந்தினால் ஒரு கோல் எடுங்கள். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அம்மாவை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள். படலையில் நின்ற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்னும் நிற்கிறார்கள்.