வழிபாடு வேறு, வாழும் ஊர் ஒன்று

 

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் இரு வழிபாட்டிடங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1826இல் தோற்றுவித்த ஜாமிஆ பள்ளிவாசல். மற்றொன்று, 1827இல் நாராயண பிள்ளை அடிகோலிய மாரியம்மன் கோயில். இவ்வாறு அருகருகே இருப்பதே ஒற்றுமை ஆகிவிடுமா? இதுவே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட வினா. அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தும் முகம் பாராமல் வாழ்நாளைக் கழிப்பவர்கள் உண்டு. சமயக் குழுக்களும் அவ்வாறு வாழ்ந்துவிடக்கூடும்.

1949ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வருகை தந்த இஸ்லாமிய அறிஞர் மௌலானா அப்துல் அலீம் சித்திக்கி, எல்லாச் சமயத் தலைவர்களும் கூடிப் பேச ஓர் அமைப்பு வேண்டும் என்றார். அவ்வாண்டிலேயே சமயங்களுக்கு இடையிலான அமைப்பு பிறந்தது. இன்று பத்துச் சமயத்தார் அதில் அங்கம் வகிக்கின்றனர். தலைமைப் பொறுப்பும் ஒரு சமயத்தாரிடமே தங்கிவிடாமல் பலரிடமும் மாறி வந்துள்ளது.

எனினும் அடுத்த ஆண்டு நேர்ந்ததை நாம் மறத்தல் ஆகாது. கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, முஸ்லிம் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த மரியா ஹெர்தோக் என்னும் சிறுமி யாருக்கு உரியவள் என்ற வழக்கு, 1950 டிசம்பரில் கலவரமாய் வெடித்தது. பதினெட்டு உயிர்கள் மடிந்தன. அமைப்பு தோன்றி ஈராண்டு நிறையவில்லை. தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டது தெருவில் நின்றவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேடையில் வளரும் நட்பு மக்களிடம் இறங்கக் காலமும் உழைப்பும் வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

அந்த உழைப்புக்குத் தமிழரிடையே ஒரு சான்று உண்டு. சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து நின்ற தமிழரை ஒன்றுசேர்க்கக் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். யாரும் தத்தம் இறைவனை விட்டு வர வேண்டியதில்லை. மொழிக்காகச் சிறிது நேரம் தந்தால் போதும் என்பதே அவ்விழாவின் அடிப்படை. 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயக அடிகள் ஒரு கத்தோலிக்கக் குரு. அவர் அழைத்த அவையில் பல சமயத்து அறிஞர்கள் அமர்ந்தனர். கோட்பாடுகளை ஒன்றாக்க அங்கே யாரும் முயலவில்லை. செய்யவேண்டிய வேலை ஒன்றாக இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

ஆகவே நாம் மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவது, கூட்டுப்பணி சிறியதாகவும் தெளிவானதாகவும் இருத்தல் வேண்டும். முதியோர்க்கு உணவு வழங்குதல், மாணவர்க்குத் துணைப்பாடம் நடத்துதல், இரத்த தானம் போன்றவற்றில் இறையியல் வாதத்திற்கு இடமில்லை. இரண்டாவது, பொறுப்பும் கணக்கும் பொதுவாதல் வேண்டும். ஒரு சாரார் விருந்தளிக்க, மறுசாரார் விருந்தினராய் வந்து செல்வது கூட்டுறவு ஆகாது. மூன்றாவது, அமைதிக் காலத்திலேயே இடையறாது கூடுதல் வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்டுவோர் யார்? வதந்தி பரவும் இரவில் கோயில் நிருவாகியும் பள்ளிவாசல் நிருவாகியும் தேவாலயப் பொறுப்பாளரும் உடனே ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமாயின், அவர்கள் ஏற்கெனவே பல மாலைகள் ஒன்றாக வேலை செய்தவர்களாக இருக்க வேண்டும்.

இது சமயங்களுக்கு இடையே மட்டும் பொருந்துவதன்று. ஒரே சமயத்துக்குள், ஒரே ஊரில், ஒரே வழிபாட்டைப் போற்றியும் இரு சங்கங்களாய்ப் பிரிந்து நிற்போர் நம்மிடையே உளர். அவர்களை இணைந்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு பணியைச் சேர்ந்து செய்யுங்கள் என்றே வேண்டுகிறோம். பழைய மனக்கசப்பைப் பேசித் தீர்க்க இயலாத இடங்களிலும், சேர்ந்து சுமந்த சுமை அதனைக் குறைக்கும்.

நம் பிள்ளைகள் ஒரே பள்ளியில் பயில்கின்றனர். ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வளர்கின்றனர். பெரியோர் விலகி நின்றால் அவர்களும் விலகி நிற்கக் கற்பர். நாம் சேர்ந்து உழைத்தால், அதனையே இயல்பென்று கொள்வர். அவர்கள் எதனைக் கற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம்.