ஸ்ரீரங்கத்தாரும் ஜெயலலிதா அம்மையாரும்

(ஸ்ரீரங்கத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி இந்த ஊருக்கு வந்து பேசுகிறபோது, 2011-ல் நீங்கள் சட்டசபைக்கு அனுப்பிய ஜெயலலிதா அம்மையாரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுவது பொருத்தமென்று நினைக்கிறேன். "நம் பூர்வீக ஊர்ப் பெண்" என்று பெருமை கொண்டவர்கள் உண்டு. "பார்ப்பன வகுப்பில் பிறந்தவரால் நமக்கு என்ன நன்மை?" என்று கேட்டவர்களும் உண்டு. இரு கூட்டத்தாரும் பார்த்தது பிறப்பையே ஒழியக் காரியத்தை அல்ல.

காரியத்தைப் பாருங்கள். 1948-ல் மைசூர் ராஜ்யத்து மேல்கோட்டையில் பிறந்து, சினிமாவில் நடித்து, 1982-ல் அ.தி.மு.க.வில் சேர்ந்து, 1991-ல் முதல் மந்திரியானவர் அவர். 1992 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இட ஒதுக்கீடு 50 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாதென்றது. தமிழ்நாட்டில் இருந்ததோ 69. அதைக் காக்க 1993 டிசம்பரில் சட்டம் செய்து, 1994-ல் அரசியல் சட்டத்தின் 9-வது அட்டவணையில் அதைச் சேர்க்கும்படி செய்தது இந்த அம்மையாரின் ஆட்சியே. பிறப்பைக் கொண்டு ஆளை நிறுக்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

நிற்க, அதே அம்மையார்தான் 2002-ல் மதமாற்றத் தடைச் சட்டமும் கொண்டுவந்தார். 2004 தேர்தலில் தோற்ற பிறகே அதை வாபஸ் வாங்கினார். ஆகவே ஒன்றுக்காகப் புகழ்ந்தால் மற்றொன்றுக்காகக் கண்டிக்கவும் வேண்டும். ஆனால் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? மந்திரிகள் முதற்கொண்டு காலில் விழுந்தார்கள்.

2014 செப்டம்பர் 27-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூர்த் தனிக் கோர்ட்டு 4 வருஷம் தண்டனை விதிக்க, இவ்வூர் மெம்பர் பதவியும் போயிற்று. உடனே மண்சோறு, பாற்குடம், யாகம்! 2015 மே மாதம் ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது வேண்டுதலின் பலன் என்றால், 2016 டிசம்பர் 5-ல் அவர் இறந்ததும், 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்துச் செய்ததும் யாருடைய வேண்டுதலின் பலன்?

தோழர்களே! மண்சோறு தின்றவர்களுக்கு மிஞ்சியது வயிற்றுவலிதான். 69 சதவிகிதச் சட்டமோ இன்றும் இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டுப் பிள்ளை காலேஜில் உட்கார்ந்திருக்கிறான். அது காலில் விழுந்து வாங்கிய பிச்சையல்ல. நிமிர்ந்து நின்று பல வருஷம் கேட்டு வாங்கிய உரிமை. இனி இவ்வூருக்கு எவர் ஓட்டுக் கேட்டு வந்தாலும், "எந்த வகுப்பில் பிறந்தீர்?" என்று கேட்காமல், "என்ன செய்தீர், என்ன செய்வீர்?" என்று நிமிர்ந்து நின்று கேளுங்கள். நான் சொன்னதையும் உங்கள் புத்தியில் போட்டு ஆராய்ந்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.