வலி மாத்திரையும் நமது சிறுநீரகமும்

(பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் ஆன்ம நலனைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். இன்று நாம், ஜெகதளாவில் அரிசி பருப்போடு அநேக வீடுகளில் இருக்கும் வலி மாத்திரையைப் பற்றிப் பேச விழைகிறோம்.

மேட்டிலும் சரிவிலும் நின்று கொழுந்து பறிப்போருக்கும், காய்கறி மூட்டை சுமப்போருக்கும் இடுப்பு வலி புதிதன்று. வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில், கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் ‘ஒரு செட்’ மாத்திரையை விழுங்குவோரைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் அதிலுள்ள மாத்திரைகளின் பெயர் என்னவென்று கேட்டால் விழுங்கியவருக்கே தெரியாது. நமது கவலை அங்கேதான் தொடங்குகிறது.

டைக்ளோபினாக், ஐபுப்ரூபன் போன்ற மாத்திரைகள் வலியை உண்டாக்கும் ஒரு பொருளை உடலில் சுரக்கவொட்டாமல் தடுக்கின்றன. அதே பொருள்தான் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை விரித்து வைக்கிறது. அது குறைந்தால் இரத்த ஓட்டமும் குறைகிறது. ஓரிரு நாளைக்கு உடல் தாங்கும். மாதக் கணக்கில் தொடர்ந்தால் தாங்காது. இடுப்பு வலித்தால் நமக்குத் தெரிகிறது. சிறுநீரகமோ பெரும்பகுதி கெட்டுப்போகும்வரை வலிப்பதில்லை.

இதற்குச் சாட்சி நமது நீலகிரியிலேயே உண்டு. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் மசினகுடி. அப்பால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் தென்னாட்டில் எஞ்சியிருக்கும் சில இடங்களுள் அது ஒன்று. 1990களில் இந்தியா முழுவதும் இப்பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் 2004இல் வெளியாயிற்று. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருந்தது. 2006இல் அரசு மாடுகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. கழுகைவிட மனிதனுக்குத் தாங்கும் சக்தி மிக அதிகம், உண்மைதான். அதற்காக அளவில்லாமல் சோதித்துப் பார்க்கலாமா?

மனிதரிடத்திலும் நடந்திருக்கிறது. சுவீடன் நாட்டில் ஹஸ்க்வர்னா என்று ஓர் ஊர். நமது அருவங்காட்டைப்போல் படைக்கலத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த ஊர். 1918 விஷக்காய்ச்சலின்போது அங்குள்ள வைத்தியர் ஒருவர் பினாசிட்டின் கலந்த தூளைக் கொடுத்தார். காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. வேலைக்குத் தெம்பு தருமென்று தொழிலாளர் தினமும் உட்கொண்டனர். பிறந்த நாள் பரிசாகக்கூட வழங்கினராம்! பல ஆண்டுகள் கழித்து அவர்களுள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். இந்தியாவில் பினாசிட்டின் 1983இல் தடை செய்யப்பட்டது.

நமது பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். குளிரில் தாகமும் தெரிவதில்லை. உடலில் நீர் வற்றியிருக்கையில் இம்மாத்திரையை விழுங்கினால் கெடுதி இரட்டிப்பாகும். தோட்டத்தில் கழிப்பிடம் கேட்பதும் சிறுநீரகத்தைக் காக்கும் வேலைதான் என்பதை ஆண்கள் உணரவேண்டும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நீர் பிரிவதற்கு மாத்திரை சாப்பிடுவோரும், முதியோரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது. வாந்தி பேதி கண்ட நாளிலும் அப்படியே. பாராசிட்டமால் சிறுநீரகத்தை அவ்வளவாக வாட்டாது; ஆனால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். வெந்நீர் ஒத்தடம், தைலம், இரண்டு நாள் ஓய்வு இவற்றையும் முயன்று பார்க்கலாம். ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள்; நியாயமே. டயாலிசிஸ் என்று வந்துவிட்டாலோ, வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

நெடுநாள் வலி மாத்திரை உண்டவர்கள் சிறுநீரிலும், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் ஒருமுறை சோதித்துக் கொள்ளுங்கள். போகும்போது மாத்திரையின் காலி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அட்டை இல்லாமல் பொட்டலமாகத் தந்தால், பெயரை எழுதித் தரும்படி கடைக்காரரைக் கேளுங்கள்.